கோழித் தீவனத்தைப் புளிக்க வைப்போம்: சிங்கப்பூர் வெக்கைக்கு ஏற்ற முறை

இட்லி மாவு கரைத்துப் பழகிய கைக்கு இது புது வேலை இல்லை. மாவைப் பொங்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா வகைதான் ஊறிய தீவனத்தையும் புளிக்க வைக்கிறது. தானியத்தில் ஃபைட்டிக் அமிலம் பிடித்து வைத்திருக்கும் பாஸ்பரஸ், துத்தநாகம் போன்ற சத்துகள் புளிக்கும்போது விடுபட்டுக் கோழியின் உடம்பில் ஒட்டுகின்றன. தட்டின் அடியில் தூளாய்த் தங்கி வீணாகிற தீவனமும் ஈரத்தோடு ஈரமாய் வயிற்றுக்குள் போய்விடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தனியார் தரைவீட்டில், வெளிப்பறவை புகாத கூண்டுக்குள் 10 வரை வளர்க்கலாம். நான் வளர்ப்பது அக்காவின் தரைவீட்டுக் கொல்லையில், 4 முட்டைக்கோழிகள். கீழே உள்ள அளவெல்லாம் அந்த நான்குக்கு.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்பு ஒன்றில் 4 நாள் ஊறட்டும் என்று இருந்தது. அப்படியே செய்தேன். நான்காம் நாள் மூடியைத் திறந்ததும் அக்கா, "என்னடா தம்பி, கள்ளுக்கடை வாடை அடிக்குது!" என்றார். மேலே இளஞ்சிவப்பாய்ப் பஞ்சு போல் பூசணம். முழுவதையும் குப்பையில் போட்டேன். பகல் 31, 32 டிகிரி, இரவிலும் பெரும்பாலும் 25ஐ ஒட்டியே நிற்கிற ஊரில் 4 நாள் என்பது மிக அதிகம். இங்கே 24 முதல் 36 மணி நேரம் போதும்.

இனி செய்முறை. 2 லிட்டர் கண்ணாடி ஜாடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உலோகப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அரித்துவிடும். முட்டைக்கோழித் தீவனம் 2 கப், விருப்பப்பட்டால் கம்பு ஒரு கைப்பிடி. தேக்காவில் (லிட்டில் இந்தியா) எளிதாகக் கிடைக்கும். வெறும் தானியத்தை மட்டும் புளிக்க வைத்துக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் வேண்டும், கம்பும் சோளமும் அதைத் தராது. மிச்சச் சோறு, உப்பு, எண்ணெய்ப் பண்டம் எதுவும் ஜாடிக்குள் போகக்கூடாது. கிளிஞ்சல் தூளையும் போடாதீர்கள். அந்தச் சுண்ணாம்பு புளிப்பை முறித்துவிடும். அதைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டிய கோழி வந்து கொத்திக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். நம் குழாய்நீரில் கிருமி கொல்லக் குளோரமின் சேர்க்கிறார்கள். குளோரின் என்றால் இரவு திறந்து வைத்தால் பறந்துவிடும், குளோரமின் அப்படிப் போகாது. மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. குழாய்நீரிலும் தீவனம் புளிக்கத்தான் செய்யும், தொடக்கம் கொஞ்சம் மந்தமாக இருக்கும். கரி வடிகட்டியில் பிடித்த நீர் நல்லது. தீவனத்துக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றிக் கிளறுங்கள். ஒரு மணி நேரத்தில் ஊறி உப்பிவிடும். அப்போது இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். நீருக்கு வெளியே நிற்கிற பருக்கையில்தான் பூசணம் பிடிக்கும். ஜாடியில் மேல்பாதி காலியாக இருக்கட்டும், பொங்க இடம் வேண்டும்.

வாயை நெருக்கமாக நெய்த துணியால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். மூடியை இறுக்கினால் உள்ளே வாயு சேரும், திறந்தே விட்டால் ஈ மொய்க்கும், கொசுவும் முட்டையிடும். டெங்கி ஊரில் தேங்கிய நீரை மூடாமல் வைக்கவே கூடாது. வெயில் படாத இடத்தில் வைத்து, காலையும் மாலையும் மரக்கரண்டியால் அடிவரை கிளறுங்கள்.

மாலை 7 மணிக்குப் போட்டால் மறுநாள் காலை ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி தெரியும். கரண்டியை உள்ளே விட்டால் நுரை 'புஸ்' என்று எழும்பும். அன்று மாலைக்குள் வாடை மாறும். அந்த வாடைதான் உங்கள் கடிகாரம். பழைய சோற்று நீராகாரம் போல இதமான புளிப்பு என்றால் பதம். கள் வாடை என்றால் நேரம் கடந்துவிட்டது. அழுகல் நாற்றம் என்றால் யோசிக்காமல் கொட்டுங்கள். மேலே வெள்ளையாய், தட்டையாய் ஆடை படிந்திருந்தால் அது ஈஸ்ட், வழித்தெடுத்தால் போதும். பச்சை, கறுப்பு, சிவப்பு நிறத்தில் பஞ்சாய் இருந்தால் பூசணம். மேலோட்டமாக அள்ளிவிட்டு மிச்சத்தைக் கொடுக்காதீர்கள், அதன் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் கீழேயும் இறங்கியிருக்கும்.

பதம் வந்ததும் வடித்து, மூடியுள்ள டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். குளிரிலும் புளிப்பு மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். நான் 4 நாளுக்கு மேல் வைப்பதில்லை. வடித்த நீரில் அரை கப் எடுத்து வைத்து அடுத்த தடவை ஊற்றினால், பழைய மாவு சேர்த்த மாதிரி ஒரே நாளில் புளித்துவிடும்.

கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 கிராம் உலர்தீவனம் தின்னும். அதில் பாதியைக் காலையில் புளித்ததாகவும் மீதியை மாலையில் உலர்ந்ததாகவும் கொடுக்கிறேன். முதல் வாரம் ஆளுக்கு ஒரு கரண்டியில் தொடங்கிக் கூட்டுங்கள். 2 மணி நேரத்தில் தின்னாததை எடுத்துத் தட்டைக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் எலி வரும். மிச்சத்தை வேலிக்கு வெளியே திரியும் காட்டுக்கோழிக்குப் போட மனம் வரும்; வனவிலங்குக்கு உணவிடுவது இங்கே குற்றம்.

எங்கள் கறுப்பி முதல் நாள் ஒரு கொத்துக் கொத்திவிட்டு, அலகை மண்ணில் இப்படியும் அப்படியும் துடைத்துத் தள்ளிப் போய் நின்றது. மூன்றாம் நாள், ஜாடித் துணியை அவிழ்க்கும்போதே கூண்டுக் கம்பிக்கிடையே தலையை நீட்டிவிட்டது.