அபார்ட்மென்டில் ஸ்மார்ட் வாட்டர் மீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 கோடையில் சென்னை முழுக்க லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்ததே, அந்தச் சமயத்தில் பல அசோசியேஷன்களில், வீட்டில் ஓடும் தண்ணீரை அளந்து செல்போன் ஆப்பில் காட்டும் ஸ்மார்ட் மீட்டர் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. சரி, மாட்டியாயிற்று. ஆனால் மாட்டியதும் தண்ணீர் தானாக மிச்சமாகிவிடும் என்று இருந்துவிடுகிறோம். மீட்டர் அளக்கத்தான் செய்யும். அந்த எண்ணைப் பார்த்து யாராவது குழாயை மூட வேண்டும்.

பணம் வீணாவது மீட்டரை வைக்கும் இடத்தில்தான். நம் அடுக்ககங்களில் மொட்டைமாடி டேங்கிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு குழாய் என்று தனித்தனியாக இறங்கும். ஒரு வீட்டுக்கே மூன்று, நான்கு மீட்டர் தேவைப்படலாம். செலவுக்குப் பயந்து ஒரு குழாயை விட்டுவிட்டால் அந்த வீட்டுக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். தனி வீட்டில் வேறு சிக்கல். சம்புக்கு வரும் குழாயில் மாட்டினால், சம்ப் எப்போது நிரம்பியது என்றுதான் தெரியும். நீங்கள் எப்போது குளித்தீர்கள் என்று தெரியாது. நள்ளிரவில் 300 லிட்டர் ஓடியதாகக் காட்டும், ஒழுகல் என்று பதறுவீர்கள். டேங்கிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாயில் மாட்டினால் இந்தக் குழப்பம் இல்லை.

அடுத்தது, பக்கத்து வீட்டோடு ஒப்பிடுவது. இது வேலை செய்யும், அதனால்தான் கவனமும் வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் காப் கவுண்டியில் 2007 வறட்சியின்போது சுமார் 1 லட்சம் வீடுகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சிக்கனக் குறிப்புகள் மட்டும் போன வீடுகளில் பயன்பாடு ஏறக்குறைய 1 சதவீதம்தான் குறைந்தது. அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுக் கடிதம் போன வீடுகளில் 4.8 சதவீதம். நாளாக நாளாக அந்த வேகம் மங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் சராசரியைவிடக் குறைவாகச் செலவழிப்பவரிடம் சராசரியைக் காட்டினால் என்ன ஆகும்? 'நாம்தான் ரொம்பக் கஷ்டப்படுகிறோமோ' என்று குழாயைத் தாராளமாகத் திறப்பார். கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் மின்சாரத்தை வைத்துச் செய்த ஆய்வில் இதுதான் நடந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிரித்த முகத்தை வரைந்ததும் அந்த ஏற்றம் நின்றுபோனது. ஆக, சிக்கனமாக இருப்பவருக்கு ஒரு பாராட்டு வார்த்தை கட்டாயம் போக வேண்டும்.

ஒப்பிடும்போது தலைக்கணக்கையும் மறக்கக் கூடாது. இரண்டு பேர் இருக்கும் வீட்டையும் ஆறு பேர் இருக்கும் வீட்டையும் ஒரே தராசில் வைத்தால் சண்டைதான் வரும். நகரங்களுக்கான மத்திய அரசின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதோடு ஒப்பிடலாம். அதிகம் செலவழித்த வீட்டின் எண்ணை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதையும் விட்டுவிடுங்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு முறை போட்டார்கள். தண்ணீர் குறையவில்லை, இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தியதுதான் மிச்சம். அந்த வீட்டில் படுக்கையாய்க் கிடந்த பாட்டிக்குத் தினமும் துணி துவைக்க வேண்டியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

மாதக் கடைசியில் '14.6 கிலோ லிட்டர்' என்று வந்தால் யாருக்கு என்ன புரியும்? 'நேற்று ஆளுக்கு 12 பக்கெட்' என்றால் உடனே உறைக்கும். குளிக்கும்போதே காட்டினால் இன்னும் நல்லது. சிங்கப்பூரில் ஷவரில் ஓடும் தண்ணீரை அப்போதே காட்டும் கருவியைப் பொருத்திப் பார்த்ததில் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வரை மிச்சமானது.

எல்லாவற்றுக்கும் அலர்ட் அனுப்பினால் மக்கள் ஆப்பையே மியூட் செய்துவிடுவார்கள். ஒழுகலுக்கு மட்டும் அனுப்பினால் போதும். மணிக்கு 10 லிட்டர் ஒழுகினாலே மாதம் 7,200 லிட்டர் போய்விடும். அந்தச் செய்தியிலேயே என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்: ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு கேசரிக் கலர் விட்டு, கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் வாஷரை மாற்ற வேண்டும்.