தோட்டத்துக்குச் சேவை செய்யப் போகும்போது ஒரு மேசை கூடுதலாகப் போடுங்கள்

தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி தங்கைகளே, பக்கத்துத் தோட்டத்தில் கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யும் பொதுப்பணி) வைத்தால், கோயில் வாசலில் வாக்காளர் விவரம் பார்க்கவும் ஒரு மேசை போடுங்கள். மலேசியாவில் 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள். ஆனால் தொகுதி, பதிவாகும்போது அடையாளக் கார்டில் இருந்த முகவரிப்படிதான். தோட்ட வீட்டை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபோன குடும்பங்களுக்கு இங்கேதான் சிக்கல்.

தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் இணையத் தளத்தில் அடையாளக் கார்டு எண்ணைத் தட்டினால் ஓட்டு எங்கே என்று தெரிந்துவிடும். எண்ணை அவர்களே தட்டட்டும். நீங்கள் எழுதி வைக்கவே கூடாது. அப்புறம், முக்கியமாக இதைச் சொல்லுங்கள்: அடையாளக் கார்டு கொடுக்கும் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றினால் மட்டும் போதாது, தேர்தல் ஆணையத்திடமும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர்களுக்கு அங்கேயே கூட உட்கார்ந்து செய்து கொடுங்கள்.