தீர்ந்துபோன பேட்டரி தீர்ந்துபோனதல்ல

போகி அன்று எங்கள் தெருவில் கொளுத்திய குப்பைக்குள் ஏதோ படாரென்று வெடித்தது. ஆறிய பிறகு கிளறிப் பார்த்தால், வாய் பிளந்த டார்ச் லைட் கட்டைகள் இரண்டு. சுற்றிலும் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. பேட்டரியை ஒருபோதும் நெருப்பில் போடாதீர்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி உறை கிழிந்துவிடும்.

'தீர்ந்துபோச்சு, இனி இதில் என்ன இருக்கு?' என்ற நினைப்பில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. டார்ச்சில் மங்கிப்போன கட்டையைக் கழற்றிச் சுவர்க்கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள், பல நாள் ஓடும். அந்த மிச்சச் சக்தியோடுதான் அதைக் குப்பையில் வீசுகிறோம்.

பட்டன் பேட்டரியில் இது உயிர் விஷயம். கார் சாவி, எடை மெஷின், சின்ன ரிமோட் இவற்றில் இருக்கும் காசு போன்ற லித்தியம் பேட்டரியைக் கழற்றி மேஜையிலேயே வைத்துவிடுகிறோம். குழந்தை விழுங்கி, அது தொண்டைக்குக் கீழே சிக்கினால், ஈரம் பட்டு மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடும். பழைய பேட்டரியும் இதைச் செய்யும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கழற்றிய கையோடு இருபக்கமும் செல்லோ டேப் ஒட்டி எட்டாத உயரத்தில் வைப்பது அரை நிமிட வேலை.

மைக்கில் போடும் செவ்வகமான 9 வோல்ட் பேட்டரிக்கும் டேப் வேண்டும். அதன் இரண்டு முனையும் ஒரே பக்கம் இருப்பதால், டிராயரில் பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நாரோடு உரசினால் நார் தீப்பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது செல்போன், பவர் பேங்க் பேட்டரிகள். குப்பை லாரி எல்லாவற்றையும் அழுத்தித்தான் ஏற்றும். அந்த அழுத்தத்தில் லித்தியம் பேட்டரி நசுங்கினால் லாரிக்குள்ளேயே தீ. அந்தப் புகையில் நிற்பவர் தூய்மைப் பணியாளர், நாம் இல்லை. எனக்கு இதுதான் மனதை உறுத்துகிறது. பேட்டரி உப்பியிருந்தால் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். மணல் நிரப்பிய மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே வைத்து, சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

பொம்மைக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? கட்டை ஒழுகியிருக்கிறது. வெறுங்கையால் சுரண்ட வேண்டாம், கையுறை போட்டுத் துடையுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடையில் போட்டால் நாலு காசு கூடக் கிடைக்கலாம். ஆனால் அது திறந்தவெளியில் உடைத்து ஈயம் உருக்குபவர் கைக்குப் போகக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். புதிது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள்.

சின்னப் பேட்டரிகளுக்கு எங்கள் வீட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். முனைகளில் டேப் ஒட்டிப் போட்டு வைப்போம், நிறைந்ததும் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுப்போம். பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளே சொல்கின்றன. பேட்டரியில் குறுக்கே கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருப்பதும் அதற்குத்தான்.

அப்புறம், பேட்டரி வந்த உறை. அட்டையையும் மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கையும் பிரித்துப் போட்டால் அட்டையாவது பழைய பேப்பரோடு சேரும். உறை என்றதும் பால் கவரும் நினைவுக்கு வருகிறது. அதை வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டிக்காதீர்கள். அந்த நகத்தளவுத் துண்டை யாரும் பொறுக்குவதில்லை, அது நேரே சாக்கடைக்குத்தான் போகும். ஓரம் ஒட்டியிருக்கும்படி கீறி, பாலை ஊற்றி, கவரைக் கழுவிக் காயவையுங்கள். சுத்தமான பால் கவருக்குக் காயலான் கடையில் இன்றும் விலை உண்டு.