மாஸ்க் எங்க போடணும், எங்க பாக்கெட்லயே இருக்கட்டும்? வடசென்னைக்காரன் கணக்கு

கொரோனா நேரத்துல மாஸ்க் இல்லன்னா ஃபைன் போட்ட காலமெல்லாம் போச்சு, இப்போ மாஸ்க் போடறதும் போடாததும் அவங்கவங்க இஷ்டம். நான் பாக்கறது ரெண்டே விஷயம்: காத்து ஓடாத மூடின இடமா, இல்ல தூசி புகையா.

காசிமேட்டுல விடியக்காலைல மீன் ஏலத்துல எவ்ளோ கூட்டம் இருந்தாலும் கடல் காத்து அடிக்குது, அங்க நான் போடறதில்ல. ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓபி க்யூவுல கண்டிப்பா போடுவேன், பக்கத்துல இருமறவருக்கு என்னன்னு யாருக்கு தெரியும், வீட்ல வயசானவங்க இருந்தா இன்னும் உஷாரா இருக்கணும். வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்ல தீபாவளி நேரத்துல தெருவுல நடக்கும்போது பாக்கெட்ல, ஏசி துணிக்கடைக்குள்ள போனா மூஞ்சில. நமக்கே சளி ஜுரம்னா மெட்ரோ, பஸ் எதுல ஏறினாலும் போட்டுக்கோங்க, அதுல இஷ்டம்லாம் பாக்காதீங்க.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கண்டெய்னர் லாரி பின்னாடி பைக்ல போறவங்களுக்கு நீல சர்ஜிக்கல் மாஸ்க் பெருசா உதவாது, ரெண்டு ஓரமும் தொறந்து கிடக்கும், தூசி அது வழியா ஜாலியா உள்ள வரும். தூசியை நல்லா வடிகட்டற என்95, எஃப்எஃப்பி2 ரெண்டுல ஒண்ணு வாங்குங்க, ஐஎஸ்ஐ மார்க்கோட ஐஎஸ் 9473னு (இந்த மாதிரி மாஸ்க்குக்கான தர நம்பர்) போட்டிருக்கான்னு பாருங்க. மூக்கு மேல இருக்கற கம்பியை ரெண்டு கை விரலாலயும் அழுத்தி விட்டு, வேகமா ஊதி பாருங்க, கண்ணு பக்கம் காத்து அடிச்சா, கண்ணாடி போட்டவங்களுக்கு பனி படிஞ்சா, மேல கேப் இருக்குன்னு அர்த்தம். தாடி அடர்த்தியா இருந்தா எந்த மாஸ்க்கும் சரியா ஒட்டாது. வால்வு வெச்சது மூச்சு விட ஈஸி தான், ஆனா நீங்க விடற காத்து அப்படியே வெளிய போகும், சளி இருக்கறப்போ அது வேணாம். என்95-ஐ சோப்பு போட்டு துவைக்காதீங்க, தூசியை இழுத்து பிடிக்கற அந்த மின் சார்ஜே போயிடும். மே மாச வேர்வைல நனைஞ்சா மாத்திடுங்க.

முக்கியமா ஒண்ணு, என்95 தூசியை தான் தடுக்கும், கேஸை இல்ல. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பக்கம் பெரியகுப்பத்துல அம்மோனியா லீக் ஆச்சே, அந்த மாதிரி நேரத்துல மாஸ்க்கை நம்பி வீட்ல உக்காராதீங்க, காத்து எந்தப் பக்கம் போகுதோ அதுக்கு குறுக்கால தூரமா போயிடணும். போகி அன்னைக்கு டயர் எரிக்கற நாத்தமும் அப்படித்தான், கரி துகள் மாஸ்க்லயே நிக்கும், நாத்தம் உள்ள வரும்.

"இன்னாணா, இன்னும் கொரோனாவா?"ன்னு டீக்கடைல கேப்பாங்க. "தூசிப்பா"ன்னு சொல்லிட்டு டீயை குடிங்க, விளக்கம்லாம் குடுத்துட்டு இருக்க வேணாம். அதே மாதிரி போடாதவங்கள நாமளும் நோண்ட வேணாம். ரெண்டு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு போடவே கூடாது, வீசிங் இருக்கறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க, போட்டப்புறம் மூச்சு வாங்கினா உடனே கழட்டிடுங்க.