பீட்ரூட் பாகு காய்ச்சலாம், மொலாசஸ் வேறு

பெங்களூரு அல்சூர் மார்க்கெட்டில் பீட்ரூட் மலிவாகக் கிடைக்கும்போது இரண்டு கிலோ வாங்கி, தோலைத் தடிமனாகவே சீவுங்கள், மண்வாசனை அங்கேதான் அதிகம். துருவி, மூழ்கும் அளவு வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, துணியில் நன்றாகப் பிழிந்து, அகலமான பாத்திரத்தில் நுரையை எடுத்துக்கொண்டே சிறுதீயில் கம்பிப் பதம் வரும்வரை சுண்டவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடம் நகரவே கூடாது, சட்டென்று அடிப்பிடிக்கும். அரை டம்ளர் தேறினாலே பெரிது, ஏனென்றால் நம் சிவப்பு பீட்ரூட்டில் சர்க்கரை ஏறக்குறைய 7 சதவீதம்தான்; ஆலைக்குப் போகும் வெள்ளைச் சர்க்கரை பீட்டில் 16 முதல் 18 வரை உண்டு.

இதை மொலாசஸ் என்று சொல்லாதீர்கள். ஐரோப்பிய ஆலைகளில் சீவிய கிழங்கை வெந்நீரில் ஊறவைத்து, சாற்றைச் சுண்ணாம்பால் தெளியவைத்து, சுண்டக்காய்ச்சி, படிகமாகும் சர்க்கரையைப் பிரித்த பிறகு மிஞ்சும் கறுத்த பாகுதான் மொலாசஸ். அதன் எடையிலும் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான், ஆனால் பொட்டாசியம் உப்புகளும் பீட்டெய்ன் என்ற கிழங்கிலுள்ள சேர்மமும் சேர்ந்து கசக்கும், வாயில் வைக்க முடியாது. அதனால்தான் மாட்டுத்தீவனம், பேக்கரி ஈஸ்ட், சாராயம், சிட்ரிக் அமிலம் என்று போகிறது. குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்கத் தெளிக்கும் உப்புக் கரைசலிலும் கலக்கிறார்கள். சரி, உங்கள் பாகை ஃப்ரிட்ஜில் வையுங்கள், தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம்.