வெள்ளம் ஏறினால் வெண்வால் மானை எங்கே தேடுவது

அமெரிக்காவின் வட, மத்திய மாநிலங்களில் வெண்வால் மானின் இணைசேரும் பருவம் பெரும்பாலும் நவம்பர் நடுவில் உச்சத்துக்கு வரும். பகல் நேரம் குறைவதுதான் அதைத் தூண்டுகிறது, அதனால் ஆறு கரை தாண்டிவிட்டது, இந்த வருடம் வேட்டை அவ்வளவுதான் என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம்.

பெட்டை மான்கள் எங்கே போயின என்று முதலில் பாருங்கள், கொம்பன், அதாவது ஆண் மான், தானாகப் பின்னால் வரும். தாழ்வான காடு மூழ்கினால் அவை பக்கத்து மேட்டுக்கு நகரும், அது பெரிய குன்றாக இருக்க வேண்டியதில்லை, சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது முழங்கால் உயர மேடுகூடப் போதும். மான் நன்றாகவே நீந்தும், ஆகவே நடுவில் ஓடை இருக்கிறதே என்று எந்த இடத்தையும் ஒதுக்காதீர்கள். நீர் விளிம்பை ஒட்டியே நடந்தால் சேற்றில் ஆழப் பதிந்த குளம்புத் தடம் தெரியும், ஓரம் இன்னும் கூர்மையாக இருந்தால் புதுசு, கரைந்து மழுங்கியிருந்தால் பழசு. வெள்ளமும் மேடும் சந்திக்கிற அந்தக் குறுகலான பட்டைதான் கொம்பன் பெட்டையின் வாசனை தேடி நடக்கும் பாதை. காற்று உங்கள் பக்கம் வீசுகிற மாதிரி அங்கே உட்காருங்கள்.

அப்புறம், தண்ணீர் வடிந்ததும் மான்கள் பழைய இடத்துக்கே திரும்பும். சில மாநிலங்களில் ஆறு குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டால் வேட்டைக்கே தடை, கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். சின்னத் திட்டில் சிக்கி நிற்கும் மானை நான் சுடமாட்டேன்.