சிபில் ஸ்கோர் ஏற வேண்டுமா? முதலில் ரிப்போர்ட்டைப் படியுங்கள்

"சிபில் கம்மியா இருக்கு" என்று பேங்கில் ஃபைலைத் திருப்பிக் கொடுத்ததும் பலரும் கேட்பது "எவ்வளவு இருக்கணும்?" என்றுதான். வாங்கிய கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறோம் என்று சிபில் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண் அது, 300-இலிருந்து 900 வரை போகும். 750-க்கு மேல் இருந்தால் வீட்டுக்கடன் பெரும்பாலும் சிக்கலில்லாமல் நகரும், பல பேங்குகளில் வட்டியும் கொஞ்சம் குறையும். ஆனால் எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கடன், எந்த மாதம் இழுத்துவிட்டது என்பது, நம் கடன் வரலாறு முழுக்க இருக்கும் ரிப்போர்ட்டில்தான் தெரியும்.

ரிப்போர்ட் தருவது சிபில் மட்டுமல்ல. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றி மாற்றி எடுத்தால் வருஷம் முழுக்கக் காசில்லாமல் கண்காணிக்கலாம். அவர்களுடைய சொந்த இணையதளத்தில் பான் எண், மொபைல் ஓ.டி.பி. கொடுத்து எடுக்கலாம். சந்தா கட்டச் சொல்லும் பக்கம் வந்தால் தாண்டிப் போய்விடுங்கள். நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் இறங்காது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு கடனுக்கும் கீழே உள்ள மாதக் கட்டங்களைப் பாருங்கள். 36 மாதம் வரை இருக்கும். 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030, 060 என்று எண் இருந்தால் அத்தனை நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் கணக்கில் போய்விடும். அடுத்து, கடனின் நிலை. 'க்ளோஸ்டு' நல்லது. 'செட்டில்டு' (பாதி கட்டி முடித்தது), 'ரிட்டன் ஆஃப்' (இனி வராது என்று பேங்க் நஷ்டமாக எழுதியது) இரண்டும் பெரிய அடி.

இந்த 'செட்டில்டு' விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் பாக்கி. கலெக்ஷன் ஆள் போன் செய்து "25,000 கட்டிடுங்க, முடிச்சிடலாம்" என்கிறார். கட்டியதும் போன் நிற்கிறது. ஆனால் மீதி 35,000-ஐ பேங்க் நஷ்டமாக எழுதி, கணக்கை 'செட்டில்டு' என்று அனுப்பிவிடும். அடுத்து நீங்கள் கடன் கேட்கும் பேங்க் மேனேஜர் அதைப் பார்த்தால், முழுசாகக் கட்டாத ஆள் என்றுதான் படிப்பார். சரிசெய்ய ஒரே வழி, அந்த பேங்குக்கே போய் எழுத்து மூலம் மீதித் தொகை எவ்வளவு என்று கேட்டு, கட்டி, என்.ஓ.சி. (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்குவது. கடிதத்தில் கணக்கு எண், கட்டிய தேதி, தொகை மூன்றும் போட்டு, நிலையை 'க்ளோஸ்டு' என்று மாற்றி அனுப்பும்படி கேளுங்கள். பழைய தாமதக் கட்டங்கள் அழியாது. நிலை மாறினாலே பாதிச் சங்கடம் தீரும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இன்னொரு பொறி நகைக்கடன். மாதத் தவணை இல்லாததால் அதைக் கடன் என்றே பலர் நினைப்பதில்லை. ஒரு வருஷக் கெடுவுக்கு நகையை வைத்துவிட்டு, "நகைதான் அவங்ககிட்ட இருக்கே" என்று இருந்துவிடுவார்கள். கெடு முடிந்து வட்டி கட்டி மாற்றி வைக்காவிட்டால் மறுநாளிலிருந்தே தாமத நாள் ஏறும். பேங்க் எஸ்.எம்.எஸ். பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கும். நகைச்சீட்டில் கெடுத் தேதியைப் பார்த்து, அதற்கு 15 நாள் முன்பு போனில் அலாரம் வையுங்கள். பண்ருட்டிப் பக்கம் பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கும் இதே கணக்குதான்: உரிய தேதிக்குள் கட்டினால் 3 சதவீத வட்டிச் சலுகை, தவறினால் சலுகையும் போய் ஸ்கோரும் போகும்.

புயல், வெள்ளத்தில் பயிரோ படகோ போனவர்கள் (2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் இன்னும் மறக்கவில்லை) தவணையை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். அரசு பாதிக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தால், தவணையைத் தள்ளிவைத்துக் கடனை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கி விதியில் இடமுண்டு. கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் தாமத நாள் சேர்வதற்குள் எழுத்தில் கேட்க வேண்டும்.

குழுக்கடன் எடுத்த பெண்கள் கிரிஃப் ஹைமார்க் ரிப்போர்ட்டையும் கட்டாயம் பாருங்கள். நுண்நிதி நிறுவனங்கள் தரும் கடன் ஒவ்வொரு உறுப்பினர் பெயரிலும் தனித்தனியாகப் பதிவாகும். வசூலித்தவர் கொண்டுபோய்க் கட்டினாரா என்பது அட்டையில் வரவு விழுந்தால்தான் தெரியும். ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். மச்சானுக்குப் போட்ட கையெழுத்து உங்கள் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும், அவர் கட்டத் தவறினால் அடி உங்களுக்கும் விழும்.

சீக்கிரம் பலன் தருவது கார்டு பாக்கியைக் குறைப்பது. 50,000 லிமிட்டில் 40,000 செலவு என்றால் 80 சதவீதம்; அது ஸ்கோரை இழுக்கும். கெடுவுக்குள் முழுசாகக் கட்டினாலும், பெரும்பாலும் பில்லில் நின்ற தொகைதான் பதிவாகும். பில் போடும் தேதிக்கு 3-4 நாள் முன்பே கொஞ்சம் கட்டி 15,000-க்குக் கீழே கொண்டுவாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது மாதம் இரண்டு முறை பேங்குகள் தகவல் அனுப்புவதால் மாற்றம் சில வாரத்தில் தெரியும். 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால் தாமதம் பதிவாகாது, ஆனால் வட்டி மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஓடும். பழைய கார்டை மூடினால் மொத்த லிமிட் குறைந்து சதவீதம் ஏறிவிடும். ஆண்டுக் கட்டணம் இல்லையென்றால் விட்டுவைப்பதே மேல்.

தவணை விஷயத்தில் சின்ன வேலை ஒன்று: சம்பளம் 5-ஆம் தேதி வந்தால் இ.எம்.ஐ. தேதியை 7 அல்லது 10-க்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பல நேரம் பவுன்ஸ் ஆவது பணம் இல்லாததால் அல்ல, ஒரு நாள் பிந்தி வருவதால்தான்.

பைக் ஷோரூமில் கையெழுத்துப் போடும்போது எந்த ஃபைனான்ஸுக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். ஒரே நாளில் நாலு கம்பெனிக்கு அனுப்பினால் உங்கள் ரிப்போர்ட்டில் நாலு கடன் விசாரணை பதிவாகும்; பணத்துக்கு அலைகிற ஆள் என்று தோன்றும்.

உங்களுடையதல்லாத கடன் ரிப்போர்ட்டில் இருந்தால், முதலில் பெயரைப் பாருங்கள். பான் கார்டில் அப்பா பெயர் விரிவாக, ஆதாரில் இனிஷியலோடு என்றிருப்பவர்களுக்கு வேறொருவர் கடன் வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. ரிப்போர்ட் கொடுத்த தளத்திலேயே புகார் பதியலாம், கட்டணம் இல்லை. அவர்களாக எதையும் மாற்ற முடியாது. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் பேங்குக்கும் ஒரு மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் போகலாம், விவரம் கேட்க 14448. "இரண்டாயிரம் கொடுங்க, ஸ்கோரை ஏத்தித் தர்றோம்" என்பவர் இதே படிவத்தைத்தான் நிரப்புவார், கூடவே உங்கள் ஓ.டி.பி.யும் அவர் கையில் இருக்கும்.

இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு எண்ணே வராது. அதைக் காரணம் காட்டி மட்டும் முதல் கடனை மறுக்கக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி, இருந்தாலும் பேங்குகள் தயங்கும். 20,000 ரூபாய் எஃப்.டி. போட்டு அதன் மேல் கார்டு கேளுங்கள். டெபாசிட்டில் 80-90 சதவீதம் லிமிட் தருவது வழக்கம். மாதம் 2,000-3,000 ரூபாய்க்கு மளிகை, பெட்ரோல் போட்டு முழுசாகக் கட்டி வந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு ரிப்போர்ட்டில் எண் வந்திருக்கும். அப்போது வீட்டுக்கடனுக்கு ஒரே ஒரு பேங்கில் விண்ணப்பம் போடுங்கள்.